கடைக் கம்ப்யூட்டரில் ஒளிந்திருக்கும் கண்!

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்துவிட்டது. மகள் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும்.

படவேட்டில் தறி நெய்யும் ஒரு தாய், மகளை அழைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போகிறாள்.

"தம்பி, பாப்பாவுக்குக் காலேஜுக்குப் போடணும்பா."

"உட்காருங்கக்கா. ஆதார் கொண்டாந்தீங்களா? சாதிச் சான்றிதழ்? பேங்க் பாஸ்புக்?"

எல்லாம் மஞ்சள் பையில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறாள். கடைக்காரர் மளமளவென்று தட்டுகிறார்.

"போட்டோ பெரிசா இருக்குக்கா. சின்னதாக்கினாத்தான் ஏத்துக்கும். ஒரே நிமிஷம்" என்கிறார். திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னப் படத்தை அமுக்குகிறார். போட்டோ சின்னதாகிவிட்டது!

"போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கக்கா."

அவள் சொல்கிறாள். வேலை முடிகிறது. காசு கொடுத்துவிட்டுத் தாயும் மகளும் கிளம்புகிறார்கள்.

அந்தக் கடையில் மூன்று பேர் இருந்தார்கள். தாய், மகள், கடைக்காரர். நாலாவதாக ஒருவன் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். அவன் இந்த ஊர்க்காரன் அல்ல. இந்த நாட்டுக்காரனாகவும் இல்லாதிருக்கலாம். போட்டோவைச் சின்னதாக்கியதே அந்தச் சின்னப் படம், அதுதான் அவன் நுழையக்கூடிய வாசல்.

தறியில் ஏறிய பெட்டி

அந்தச் சின்னப் படத்துக்கு 'எக்ஸ்டென்ஷன்' என்று பெயர். 'நீட்டிப்பு' என்று தமிழில் சொல்கிறார்கள்.

இணையத்தைப் பார்க்க உதவும் சாதனம் 'பிரவுசர்'. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் என்று பல உண்டு. பிரவுசர் தானாகச் சில வேலைகளைத்தான் செய்யும். அதற்குமேல் வேலை வாங்க வேண்டுமானால், வேறொருவர் செய்து வைத்திருக்கும் சின்னக் கருவியை அதில் மாட்டிக்கொள்ளலாம். போட்டோவைச் சின்னதாக்க ஒன்று. பி.டி.எஃப். மாற்ற ஒன்று. விளம்பரத்தைத் தடுக்க ஒன்று. பெரும்பாலும் காசு கிடையாது. இரண்டு அமுக்கு அமுக்கினால் மாட்டிக்கொள்ளும்.

ஆரணிப் பட்டு நெய்கிற வட்டாரத்துக்கு இதை விளக்குவது சுலபம். வெறும் தறியில் வெறும் சேலைதான் நெய்யலாம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியை ஏற்றினால் மயிலும் மாங்காயும் அன்னமும் சேலையில் இறங்கும். அந்தப் பெட்டி தறிக்கு வெளியே நிற்பதல்ல. பாவின் நூல்கள் அதன் கொக்கியில் மாட்டியிருக்கின்றன. எந்த நூல் எழும்ப வேண்டும், எந்த நூல் அமுங்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

எக்ஸ்டென்ஷனும் அப்படியே. பிரவுசரின் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், அங்கே ஓடும் ஒவ்வொரு நூலையும் அது தொட முடியும். தட்டெழுதும் பெயர், பாங்குக் கணக்கு எண், பாஸ்வேர்டு, திறந்து பார்க்கும் கடிதம் எல்லாம் அதில் அடங்கும்.

மாட்டும்போது பிரவுசர் கேட்காமல் விடுவதில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. 'எல்லா இணையதளங்களிலும் உங்கள் விவரம் முழுவதையும் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி தருகிறீர்களா?' என்பது அதன் பொருள். படிக்க மட்டுமல்ல, மாற்றவும்! வாசலில் நிற்கும் விருந்தாளி, 'பீரோச் சாவியைக் கொடுத்தால்தான் உள்ளே வருவேன்' என்று சொன்னால் யாராவது கொடுப்பார்களா? இங்கே கொடுத்துவிடுகிறார்கள். அந்த வரியை நின்று படிப்பவர்கள் குறைவு.

'பூட்டுப் படம் போட்ட இணையதளந்தானே, பயமில்லை' என்று சிலர் எண்ணுவதுண்டு. பூட்டு மெய்தான். ஆனால் அது வழிப்பயணத்துக்கு மட்டும். கடிதம் உறையில் போட்டு ஒட்டப்படுவதற்கு முன்பே, எழுதுகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பவனை எந்த உறை தடுக்கும்?

டில்லியிலிருந்து வந்த எச்சரிக்கை

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நடந்திருக்கிறது.

2020-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த 'அவேக் செக்யூரிட்டி' என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சேதியை வெளியிட்டது. குரோம் பிரவுசருக்கான எக்ஸ்டென்ஷன்களில் நூற்றுக்கு மேற்பட்டவை வேவு பார்ப்பவை என்று அது கண்டுபிடித்தது. அவை 3 கோடியே 20 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தன!

அவை என்ன வேஷத்தில் வந்தன? கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தருகிறோம் என்றன சில. ஆபத்தான இணையதளம் வந்தால் எச்சரிக்கிறோம் என்றன சில. அதாவது, கம்ப்யூட்டர் கடைகளில் அன்றாடம் தேவைப்படுகிற உதவிகள்தான்.

அவற்றால் திரையைப் படம் பிடிக்க முடிந்தது. தட்டெழுதும் எழுத்துகளைப் பொறுக்க முடிந்தது. ஓரிடத்தில் 'காப்பி' செய்ததை எட்டிப் பார்க்க முடிந்தது.

கூகுள் நிறுவனம் தன் கடையிலிருந்து அவற்றை நீக்கியது. ஜூலைத் தொடக்கத்தில் இந்திய சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' எச்சரிக்கை விடுத்தது. எக்ஸ்டென்ஷன்களை மாட்டும்போது ஜாக்கிரதையாக இருங்கள், தேவையற்றதைக் கழற்றிவிடுங்கள் என்று நாட்டு மக்களுக்குச் சொன்னது.

அந்தச் சமயத்தில் டில்லியில் 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்த சேதி எங்கும் பேச்சாக இருந்தது. டிக்டாக் போயிற்றே என்று ஊரே பேசியது. எக்ஸ்டென்ஷன் எச்சரிக்கை அந்த இரைச்சலில் அமுங்கிவிட்டது.

துப்பறிபவரின் துப்பு வெளியானது!

திருடர்கள் மட்டுந்தான் இதைச் செய்கிறார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. பகிரங்கமாக வியாபாரம் செய்தவர்களும் உண்டு.

ஜெர்மனியில் என்.டி.ஆர். என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் நிருபர்கள் 2016-ம் ஆண்டு ஒரு தந்திரம் செய்தார்கள். விளம்பரத்துக்காக விவரம் வாங்கும் கம்பெனி போல நடித்தார்கள். 'மாதிரிக்குக் கொஞ்சம் கொடுங்கள்' என்று விவர வியாபாரிகளிடம் கேட்டார்கள். கிடைத்ததோ, சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற முழுப் பட்டியல்! மாதிரியே அவ்வளவு!

பெயர் எதுவும் இல்லை என்று வியாபாரிகள் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒருவர் போன இடங்களை வரிசையாகப் பார்த்தாலே, அவர் யார் என்று நிருபர்களால் சொல்ல முடிந்தது. ஒரு நீதிபதியின் அந்தரங்கம் அதில் இருந்தது. ஒரு அரசியல்வாதி உபயோகித்த மருந்து அதில் இருந்தது. ஒரு போலீஸ் துப்பறியும் அதிகாரி வெளிநாட்டுக்கு உதவி கேட்டு எழுத வேண்டியிருந்தது. அதை கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டார். அவர் எழுதிய கடிதமே அந்தப் பக்கத்தின் முகவரி வரியில் ஏறிக்கொண்டது. அப்படியே வியாபாரிகள் கைக்குப் போய்விட்டது!

அந்த விவரங்களைத் திரட்டியவற்றில் ஒன்று 'வெப் ஆஃப் டிரஸ்ட்' என்ற எக்ஸ்டென்ஷன். அதன் வேலை என்ன தெரியுமா? எந்த இணையதளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்வது! வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதுதான்.

2019 ஜூலையில் இதே கதை அமெரிக்காவில். சாம் ஜடாலி என்ற ஆராய்ச்சியாளர், எட்டு எக்ஸ்டென்ஷன்கள் சுமார் 40 லட்சம் பேரின் விவரத்தைக் கறந்ததைக் கண்டுபிடித்தார். வருமான வரித்தாள், நோயாளியின் பெயர், பயணச் சீட்டு, கம்பெனிகள் வெளியிடாத ரகசியத் திட்டம், எல்லாம் சந்தைக்கு வந்திருந்தன. மாதம் 49 டாலர் முதல் சந்தா கட்டினால் பார்க்கலாம்!

'படவேட்டில் என்ன கம்பெனி ரகசியம்?' என்று கேட்கலாம். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ புதிய முந்தானை டிசைன் போடுகிறார் ஒரு ஜவுளிக்காரர். டிசைன் போடுபவர் அதை மெயிலில் அனுப்புகிறார். ஜவுளிக்காரர் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறார். அட்டை குத்தி, பாவு போட்டு, கைத்தறியில் பட்டுச் சேலை இறங்க நாளாகும். அந்த டிசைன் அதற்குள் வேறொருவன் கைக்குப் போனால், பவர்லூமில் மலிவு நூலில் அடித்து முந்திக்கொள்வான். நஷ்டம் ஜவுளிக்காரருக்கு மட்டுமல்ல. கூலிக்கு நெய்தவருக்கும் அடுத்த பாவு கிடைக்காது.

நேற்று நல்லது, இன்று கெட்டது

'நாலு வருஷமாக உபயோகிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எக்ஸ்டென்ஷன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். யாரையும் கேட்காது. நேற்று உள்ளே இருந்த சரக்கு வேறு. இன்று இருப்பது வேறு.

'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது. திறந்து வைத்து மறந்துபோன பக்கங்களைத் தூங்க வைத்து, கம்ப்யூட்டரின் வேகத்தைக் காப்பாற்றும். நல்ல பெயர் எடுத்தது. 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020-ல் அதைச் செய்தவர் வேறு யாருக்கோ விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்பது உபயோகிப்பவர்களுக்குத் தெரியாது. சில மாதத்தில் அதன் போக்கு மாறியது. 2021 பிப்ரவரியில், இதில் கெடுதல் செய்யும் சரக்கு இருக்கிறது என்று சொல்லி கூகுள் நீக்கியது. வீட்டை விற்றார், வீட்டோடு குடியிருந்தவர்களையும் சேர்த்து விற்றார் என்பது போல!

விற்காமலே கை மாறியதும் உண்டு. 2024 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முதல்நாள். 'சைபர்ஹேவன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு, கூகுள் கடையிலிருந்து வந்தது போல ஒரு பொய்க் கடிதம் வந்தது. அவர் நம்பி அமுக்கினார். திருடர்கள் உள்ளே நுழைந்து, அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனில் விஷத்தைக் கலந்து வெளியிட்டார்கள். அதைச் சுமார் 4 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். பண்டிகை நாளில் தானாகப் புதுப்பித்துக்கொண்ட கம்ப்யூட்டர்களில் எல்லாம் விஷம் இறங்கியது.

அந்தத் திருடர்கள் தேடியவற்றில் 'குக்கி' என்பது முக்கியமானது. கோயிலுக்கு வெளியே செருப்பு விடும் இடத்தில் ஒரு டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது பெயர், ஊர் கேட்கமாட்டார்கள். டோக்கனைக் காட்டினால் செருப்பு. ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் அந்த டோக்கனை ஒருவன் அடித்துக்கொண்டு போனால், செருப்பும் அவனுக்குத்தான். குக்கியும் அப்படி ஒரு டோக்கன். பாஸ்வேர்டும், போனுக்கு வந்த நம்பரும் கொடுத்து உள்ளே போனதும், 'இவர் வந்தவர்தான்' என்று இணையதளம் பிரவுசரிடம் ஒரு டோக்கனைக் கொடுக்கிறது. அதைத் திருடியவன் பாஸ்வேர்டு இல்லாமலே நுழைந்துவிடுவான். 'ஓ.டி.பி.யை நான் யாருக்கும் சொல்லவில்லையே' என்று பிறகு அழுது பயன் இல்லை.

ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஊர்

பட்டணத்தில் ஒருவர் கெட்ட எக்ஸ்டென்ஷனை மாட்டினால், கெடுவது பெரும்பாலும் அவர் ஒருவர் கணக்கு. கிராமத்தில் அப்படி அல்ல.

இங்கே பெரும்பாலோரிடம் இருப்பது செல்போன். ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோம் பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் மாட்ட முடியாது. போனில் வேறு ஆபத்துகள் உண்டு, அது தனிக் கதை. ஆனால் பட்டா எடுக்க, சான்றிதழ் வாங்க, உதவித்தொகைக்கு எழுத, பான் கார்டு போட, எல்லாவற்றுக்கும் கடைக் கம்ப்யூட்டர். அதன் எதிரில் வந்து உட்காராத குடும்பம் குறைவு. அதில் மாட்டிய ஒரு எக்ஸ்டென்ஷன் கெட்டுப்போனால், பார்க்கப்படுவது ஒருவரை அல்ல, தெருத்தெருவாக ஊரையே. 14-ம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர்கள் கோட்டை கட்டி ஆண்ட ஊர் இது. இன்றைக்குப் படையெடுப்பவன் கோட்டை ஏற வேண்டியதில்லை. ஒரு போட்டோ சின்னதாக்கும் கருவி போதும்.

கடைக்காரரைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. விண்ணப்பப் பக்கம், 'போட்டோ இத்தனை கே.பி.க்குள் இருக்க வேண்டும்' என்கிறது. வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். கைக்குக் கிடைத்த கருவியை அவர் மாட்டுகிறார். உண்மையில் அந்த வேலைக்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் 'பெயிண்ட்' போட்டோவைச் சின்னதாக்கும். அச்சடிக்கும் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பி.டி.எஃப். ஆகிவிடும். தமிழ் தட்டெழுதும் வசதியும் விண்டோஸிலேயே இருக்கிறது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஒரு விஷயம். அப்பாவின் கடைக் கம்ப்யூட்டரில் தன் கூகுள் கணக்கைப் போட்டு 'சிங்க்' செய்தால், மகன் லேப்டாப்பில் மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன்களும் சேர்ந்து கடைக்கு வந்துவிடும். மகன் விளையாட்டுக்காக மாட்டியது, அப்பாவின் பாங்குக் கணக்குப் பக்கத்தில் போய் உட்காரும். இது அப்பாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது.

இரண்டு நிமிஷ வேலை

குரோமின் மேல் ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதை அமுக்கி, 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் திறந்தால், மாட்டியிருப்பவை எல்லாம் வரிசையாகத் தெரியும். 'இது எப்போது வந்தது?' என்று கேட்கத் தோன்றும் ஒன்றாவது அதில் இருக்கலாம். வேண்டாததை 'ரிமூவ்' செய்துவிட வேண்டும். அணைத்து வைப்பதைவிடக் கழற்றி எறிவது மேல்.

கட்டாயம் வேண்டும் என்பதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'சைட் அக்சஸ்' என்ற இடத்தில், 'ஆன் கிளிக்' என்று மாற்றி வைக்கலாம். அமுக்கும்போது மட்டும் அது கண் திறக்கும். மற்ற நேரத்தில் பக்கத்தைப் பார்க்க முடியாது. இந்த ஒரு மாற்றம் பெரிய காவல்.

கடைகளுக்கு இன்னும் நல்ல வழி 'கெஸ்ட்' ஜன்னல். மேலே இருக்கும் வட்டப் படத்தை அமுக்கினால் 'கெஸ்ட்' என்று வரும். அந்த ஜன்னலில் எக்ஸ்டென்ஷன் எதுவும் வேலை செய்யாது. மூடியவுடன், போன இடத்தின் சுவடும் குக்கியும் அழிந்துவிடும். ஒரு வாடிக்கையாளர் எழுந்ததும் மூடிவிட்டு, அடுத்தவருக்குப் புதிதாகத் திறக்கலாம். முடிவெட்டும் கடையில் ஆளுக்கு ஆள் துணியை உதறிப் போடுவதில்லையா? இறக்கிய ஆதார், சான்றிதழ் முதலியவை மட்டும் 'டவுன்லோட்ஸ்' அறையில் தங்கிவிடும். அவற்றையும், பிறகு குப்பைக்கூடையையும் அழிக்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே வேறு வைரஸ் புகுந்திருந்தால் கெஸ்ட் ஜன்னலாலும் பயன் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வாடிக்கையாளராகப் போகும் தாயும் வாய் திறந்து கேட்கலாம். "தம்பி, கெஸ்ட்ல திறந்து போடுப்பா. முடிஞ்சதும் இறக்குனதை அழிச்சிடு." இதில் கடைக்காரரைச் சந்தேகப்படுவது எதுவும் இல்லை. நகைக்கடையில் எடை பார்ப்பதைப் போலத்தான். முழு எண் தேவைப்படாத இடத்தில், கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' ஆதாரைக் கொடுக்கலாம். பாங்குக் கணக்கையும் மெயிலையும் கடைக் கம்ப்யூட்டரில் திறக்காமலே இருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்டு 24-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தரங்கம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. 2023-ல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொதுவாக ஒப்புதல் இன்றி விவரம் திரட்டக் கூடாது. திரட்டிய விவரத்தைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதத் தவணை.

அமெரிக்காவில் அபராதம் விழுந்தே விட்டது. 'அவாஸ்ட்' என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம், எக்ஸ்டென்ஷன் முதலியவற்றின் மூலம் திரட்டிய விவரத்தை நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது. 2024-ல் ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்கள்.

ஆனால் சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. 'ஒப்புதல் வாங்கினோமே' என்று கம்பெனி சொல்லும். வாங்கியதும் உண்மை. 'எல்லாவற்றையும் படிக்கவும் மாற்றவும்' என்ற அந்த வரியின் கீழே அமுக்கியது யார்? கடைக்காரர். பார்க்கப்பட்டது யார் விவரம்? தறி நெய்யும் தாயின் விவரம். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே! கடைக் கம்ப்யூட்டரை நம்பி வாழும் கோடிக்கணக்கான பேருக்கு, ஒப்புதல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இனி வழக்குகள்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை, பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். பணம் போகவில்லை, சந்தேகம் மட்டும் என்றால், முதலில் அந்த எக்ஸ்டென்ஷனைக் கழற்ற வேண்டும். பிறகு வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அதோடு, 'எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேறு' என்று இருக்கும் இடத்தையும் அமுக்க வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், திருடன் கையில் இருக்கும் அந்தப் பழைய டோக்கன் சில இடங்களில் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.